கதவில் இடித்த தலை

காவல் நிலையத்தின் பின்கட்டில், கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வாடகைக் கார் ஓட்டுநர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் வக்கீலம்மா நின்றிருந்தார். அவருக்கு அரை அடி பின்னால், நோட்டுப் புத்தகமும் பேனாவுமாகச் சீப்பு.

வக்கீலம்மா கறுப்பு அங்கியைக் கழற்றி மடித்து வைத்துப் பதினோரு வருடங்கள் ஆகின்றன. வாதாடுவதை விட்டுத் துப்பறிவதைத் தொழிலாக்கிக்கொண்ட பிறகும் அந்தப் பெயர் மட்டும் அவரை விட்டபாடில்லை. அவருடைய உதவியாளனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. முப்பத்திரண்டு வயதில், முன்தலையில் சீவுவதற்கென்று பெரிதாக எதுவும் மிஞ்சாத நிலையிலும், சட்டைப் பையில் சீப்பு இல்லாமல் அவன் வெளியே கிளம்புவதில்லை. ஆகவே அலுவலகத்தில் அதுவே அவனுக்குப் பெயராயிற்று. அவனும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டான். அந்தச் சிரிப்புக்கு அவன் எவ்வளவு சிரமப்பட்டான் என்பதை யாரும் கேட்கவில்லை.

காவல்துறை சொன்னபடி நடந்தது இதுதான். மூன்று நாட்களுக்கு முன்பு, பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார் ஒருவர், முடி நடும் மருத்துவமனையிலிருந்து இந்த ஓட்டுநரின் காரில் வீட்டுக்குப் புறப்பட்டார். வீட்டு வாசலில் கார் நின்றபோது அவர் உயிருடன் இல்லை. முன்தலையில், புதிதாக முடி நட்டிருந்த இடத்தில், ஓர் அங்குல நீளத்துக்குக் காயம். அவருடைய கைக்கடிகாரமும் கைப்பேசியும் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்துப் பெட்டியில். 'எங்களிடமிருந்து நல்லபடியாக நடந்துதான் போனார்' என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்துவிட்டது. பிரேதப் பரிசோதனையின் முழு அறிக்கை வர இன்னும் பத்து நாட்கள் ஆகும். கொலைக் குற்றமோ நாளைக் காலை பத்து மணிக்கே நீதிமன்றத்தில் பதிவாகிவிடும்.

"கடிகாரத்தையும் போனையும் ஒரு கவர்ல போட்டு அவங்கதான் குடுத்தாங்கம்மா. 'வீட்டுல சேர்த்துடுங்க'ன்னாங்க" என்றார் ஓட்டுநர்.

"அந்தக் காயம்?"

ஓட்டுநர் தரையைப் பார்த்தார்.

"எப்படி வந்துச்சுன்னு தெரியலைன்னு போலீஸ்ல சொல்லியிருக்கீங்க. எனக்கும் அதேதானா?"

"உங்ககிட்ட சொன்னா அது வெளியே போகுமா?"

"அது வெளியே போனாத்தான் நீங்க வெளியே வர முடியும்" என்றான் சீப்பு.

ஓட்டுநருக்குச் சிரிப்பு வரவில்லை. தணிந்த குரலில் சொன்னார்: "வண்டியில ஏத்தும்போது கதவுல தலை இடிச்சுது. டொக்குன்னு சத்தம் கேட்டுச்சு. அந்த நர்ஸ் பொண்ணு, நாற்றுக்காரின்னு கூப்பிடுவாங்க, அவ கை தவறிடுச்சு போல. ஏழு வருஷமா அந்த ஆஸ்பத்திரிக்கு ஓட்டறேன், ஒருத்தர் தலைகூட அங்க இடிச்சதில்லை. நான் வாயைத் திறந்தா அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும். வீட்டுல அவ சம்பாதிச்சுத்தான் அடுப்பு எரியுது. அதான் தெரியலைன்னு சொல்லிட்டேன்."

"இடிச்சப்ப அவர் ஏதாவது சத்தம் போட்டாரா?"

"இல்லை. மருந்து வேகத்துல தூங்கறார்னு சொன்னாங்க. ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் தாங்கித்தான் கொண்டுவந்தாங்க."

"அந்தப் பொண்ணு?"

"அவளும் ஒண்ணும் சொல்லலை." ஓட்டுநர் யோசித்தார். "என்னையேதான் பார்த்துக்கிட்டு நின்னா."

வெளியே முற்றத்தில், முத்திரை வைக்கப்பட்ட கார் வெயிலில் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் ஓட்டுநரின் மனைவி, அந்தக் காரையும் யாராவது கொண்டுபோய்விடுவார்களோ என்று காவல் காப்பவர் போல நின்றிருந்தார். வக்கீலம்மா கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். பின் இருக்கையின் மேல்பாகத்தில் வெள்ளைத் துண்டு ஒன்று மூலைக்கு மூலை நாடா வைத்துக் கட்டப்பட்டிருந்தது.

"நான் தச்சதுதாம்மா" என்றார் மனைவி. "தினமும் துவைச்சு மாத்துவேன். முடி நட்டுக்கிட்டு வர்றவங்க தலை லேசா உரசினாலே கறை ஆயிடும். ஒரு நாள் முழுக்க ஊற வைக்கணும். அதுக்கே இவர்கிட்ட சண்டை போடுவேன்." அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "இனிமே சண்டை போடமாட்டேன்னு சொல்லுங்கம்மா அவர்கிட்ட."

காவலுக்கு நின்ற காவலரிடம் வக்கீலம்மா கேட்டார்: "இந்தத் துண்டை யாராவது மாத்தினீங்களா?"

"சீல் வச்ச வண்டி மேடம். பாடியை எடுத்ததோட சரி, வேற எதையும் தொடலை."

"சீப்பு, கண்ணாடி வழியா அந்தத் துண்டை ஒரு படம் எடு."

சீப்பு எடுத்தான். துண்டு, துவைத்துப் போட்ட நாளில் இருந்ததைப் போலவே வெளுப்பாக இருந்தது. அதில் படம் எடுக்க என்ன இருக்கிறது என்று அவனுக்கு விளங்கவில்லை. விளங்காததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கமும் அவனுக்கு இல்லை.

"அடுத்து எங்கே?"

"உன் தலையை அடகு வைக்கப் போறோம்" என்றார் வக்கீலம்மா. "நான் உன் அக்கா. நீ என் தம்பி. முடி கொட்டுதுன்னு அழணும்."

"அதுக்கு நடிக்க வேண்டியதே இல்லை வக்கீலம்மா."

மருத்துவமனையின் ஆலோசனை அறையில் மூன்று சுவர்களிலும் முன்பு, பின்பு என்று இரட்டைப் படங்கள் தொங்கின. மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்த ஆலோசகருக்கு, ஒருவருக்குத் தேவையானதைக் காட்டிலும் இரண்டு மடங்கு முடி இருந்தது. அவர் சீப்பின் தலையை ஒரு பூதக்கண்ணாடி விளக்கால் ஆராய்ந்தார். அந்த விளக்கின் கீழ்த் தலை குனிந்து உட்கார்ந்திருந்தபோது, பள்ளியில் விடைத்தாளை நீட்டிவிட்டு நின்ற நாட்கள் சீப்புக்கு நினைவு வந்தன.

"அப்பாவுக்கும் இப்படித்தானா?"

"அப்பாவுக்கு, சித்தப்பாவுக்கு, அம்மா வழியில தாய்மாமாவுக்கு. எங்க குடும்பப் படம் எடுத்தா ஃபிளாஷே போட வேண்டாம் சார்."

ஆலோசகர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். "நெத்தி ஓரமும் உச்சியும் கொட்டும். பின்னந்தலை கொட்டாது. அங்கிருந்து வேரோட ஒண்ணொண்ணா எடுத்து முன்னாடி நடறோம். புது முடி எதுவும் நாங்க உண்டாக்கறதில்லை. உங்க முடியே வீடு மாறி வருது."

"வாடகைக்கா, சொந்தமாவா?"

"சொந்தமா. ஆனா பின்னாடி இருக்கறது ஒரு அளவுதான். எடுத்த இடத்துல திரும்ப முளைக்காது. அப்புறம், நட்டதெல்லாம் ஒரு மாசத்துக்குள்ள கொட்டிடும்."

"கொட்டறதுக்கு நான் இங்க வரணுமா? அதை வீட்டுலயே இலவசமாப் பண்ணிக்கிட்டிருக்கேனே."

"வேர் உள்ளேயே இருக்கும் சார். மூணு, நாலு மாசத்துல முளைக்க ஆரம்பிக்கும். முழுப் பலன் தெரிய ஒரு வருஷம். நடாத பழைய முடி தொடர்ந்து கொட்டும், அதுக்கு மருந்தை விடாம எடுத்துக்கணும். நிறுத்தினா மறுபடி ஆரம்பிச்சுடும்."

சீப்பு நகைச்சுவைக்கு வாய் திறந்தான், வரவில்லை. ஒரு வருடம்தானே என்று அவன் மனம் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. ஆலோசகர் நீட்டிய படிவத்தை வாங்கித் தன் உண்மையான பிறந்த தேதியையே எழுதினான்.

வக்கீலம்மா, தம்பியைப் பற்றிய கவலையில் தூக்கம் இழந்த அக்காவின் குரலில் கேட்டார்: "யாருங்க நடுவாங்க? டாக்டரேவா?"

"டாக்டர் மேற்பார்வையில டெக்னீஷியன்ஸ் நடுவாங்க மேடம்."

"மேற்பார்வைன்னா, அந்த ரூம்லயே இருப்பாரா?"

ஆலோசகர் மேசைமேல் இருந்த இரண்டு பேனாக்களை ஒரே நேர்க்கோட்டில் வைத்தார். "கட்டடத்துல இருப்பார்."

"ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ரெண்டாயிரத்து நானூறு வேர்னா காலையில எட்டு மணிக்கு உட்கார்ந்தா சாயங்காலம் நாலு, அஞ்சு ஆகும்."

"வீட்டுக்குப் போகும்போது தலை எங்கயாவது பட்டுடுச்சுன்னா?"

"படவே கூடாது. பின்னந்தலை எதுலயும் அழுந்தாம இருக்கக் கழுத்துக்குத் தலையணை குடுப்போம், உட்கார்ந்த மாதிரி சாஞ்சுதான் தூங்கணும். தலை வழியா மாட்டற சட்டைகூடப் போடக் கூடாது. முதல் நாள்ல லேசா இடிச்சாலே ரத்தம் பொலபொலன்னு கொட்டிடும், நட்ட வேரும் அதோட வந்துடும்."

படிவத்தின் மேல் சீப்பின் பேனா நின்றது. வெளுத்த துண்டு ஒன்று அவன் கண்முன் வந்து நின்றது.

அவன் வக்கீலம்மாவைப் பார்த்தான். அவர் கைப்பையின் வாரைச் சரி செய்துகொண்டு எழுந்தார். "வீட்டுல கலந்து பேசிட்டு வர்றோங்க."

வாசலில் இறங்கியபோது ஒரு கார் நின்றிருந்தது. முந்தைய நாள் நட்டுக்கொண்டு கட்டுப் பிரிக்க வந்திருந்த ஒருவரை, மெலிந்த பெண் ஒருத்தி கைத்தாங்கலாக அழைத்துவந்தாள். வெள்ளை மேலங்கி, முப்பது வயது இருக்கலாம். வந்தவரின் கழுத்தில் நீல நிறத் தலையணை பிறைபோல் மாட்டியிருந்தது. அவர் குனிந்து காருக்குள் நுழையும் முன்பே, அந்தப் பெண்ணின் வலது கை உயர்ந்து கதவின் மேல்விளிம்பை மூடிக்கொண்டது. அவள் அந்தக் கையைப் பார்க்கக்கூட இல்லை. பேச்சு எங்கோ இருக்க, கை தன் வேலையைத் தானே செய்தது.

"நாற்றுக்காரி!" என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "டிரே கழுவியாச்சா?"

"வர்றேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் உள்ளே போனாள். வரிசை பிசகாமல் முடி நடுகிறவள் என்பதால் வந்த பெயராக இருக்க வேண்டும்.

சீப்பு அடிக்குரலில் சொன்னான்: "லேசா இடிச்சாலே ரத்தம் கொட்டும். வாத்தியாருக்கு ஓர் அங்குலம் கிழிஞ்சிருக்கு. துண்டுல ஒரு சொட்டு இல்லை."

"ம்."

"ரத்தம் ஓடற உடம்புலதான் ரத்தம் வரும்." அவன் திரும்பி மருத்துவமனை வாசலைப் பார்த்தான். "கார்ல ஏத்தறதுக்கு முன்னாடியே அவர் போயிட்டார். இவங்க பிணத்தைத்தான் வண்டியில உட்கார வச்சிருக்காங்க. இன்ஸ்பெக்டருக்கு போன் போடட்டுமா?"

"போட்டா என்ன சொல்வார்? ஓட்டுநர் பழைய துண்டை எறிஞ்சுட்டுப் புதுசு கட்டிட்டார்னு சொல்வார். பெண்டாட்டி தச்ச துண்டு வேற. சாட்சி வேணும் சீப்பு. அந்தக் கையைப் பார்த்தியா?"

"ஏழு வருஷமாத் தவறாத கை. அன்னைக்குப் பதட்டத்துல தவறிடுச்சு."

"பதறினா மனுஷங்க பழகின வேலையை இன்னும் இறுக்கமாப் பிடிச்சுக்குவாங்க. பழக்கம் தானா விடாது. யாராவது விட்டாத்தான் விடும்."

மொட்டை மாடியில் நீலத் தலையணை உறைகள் கொடியில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. நாற்றுக்காரி ஒரு தொட்டியின் முன் குந்தியிருந்து சிறிய எஃகுத் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். காலடி ஓசை கேட்டும் திரும்பவில்லை.

"நோயாளிங்க மேல வரக் கூடாது" என்றாள்.

"நாங்க ஓட்டுநர் பக்கத்து ஆளுங்க" என்றார் வக்கீலம்மா.

தட்டு ஒன்று தொட்டிக்குள் நழுவியது.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். அவர் நடந்துதான் போனார். எழுதிக் குடுத்தாச்சு."

"சரி" என்றார் வக்கீலம்மா. மிரட்டவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. சீப்பிடமிருந்து கைப்பேசியை வாங்கி, அந்தப் படத்தை அவள் முன் பிடித்தார். "கார் சீட்டுல போட்டிருந்த துண்டு. நீ பார்த்தா உனக்குப் புரியும்."

அவள் பார்த்தாள். ஏழு வருடம் அந்தத் தொழிலில் இருந்தவளுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"காயம் எப்படி வந்துச்சுன்னு போலீஸ் மூணு நாளா அவரைக் கேட்குது" என்று தொடர்ந்தார் வக்கீலம்மா. "தெரியலைன்னே சொல்லிக்கிட்டிருக்கார், நாளைக்குக் கோர்ட்டுல கொலைக் கேஸ் பதிவாகுது. கதவுல இடிச்சதைச் சொல்லவே இல்லை. சொன்னா உனக்கு வேலை போயிடுமாம். நீ சம்பாதிச்சுத்தான் உங்க வீட்டுல அடுப்பு எரியுதாம்."

நாற்றுக்காரியின் முகம் ஒரு கணம் வெறுமையாயிற்று. பிறகு ஈரக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கை தவறினது ஒரு குத்தமாம்மா?" என்றான் சீப்பு, ஆறுதலாகச் சொல்வதாக எண்ணிக்கொண்டு.

"தவறலை சார்" என்றாள் அவள். "நான்தான் எடுத்தேன்."

சீப்பின் பேனா நோட்டில் படாமலே நின்றது.

"இடிக்கட்டும்னுதான் கையை எடுத்தேன். தலையணையும் மாட்டலை. மேனேஜர் பக்கத்துலயே நின்னார், வாயைத் திறந்து சொல்ல முடியலை. ஓட்டுநர் அண்ணன் தினமும் என் கையைப் பார்ப்பார். 'உன் கை இருந்தா என் வண்டிக் கதவுக்கே வலிக்காது'ன்னு கிண்டல் பண்ணுவார். அவருக்குப் புரியும்னு நினைச்சேன். 'என்னம்மா தலை இடிக்குது, ஆள் அசையவே இல்லையே'ன்னு ஒரு சத்தம் போடுவார், வாசல்ல நாலு பேர் கூடுவாங்க, எல்லாம் அங்கேயே வெளிய வந்துடும்னு நினைச்சேன். அவரையே பார்த்துக்கிட்டு நின்னேன். அவர் எனக்காக ஒண்ணும் கேட்காதவர் மாதிரி கதவைச் சாத்திக்கிட்டுப் போயிட்டார்."

கொடியில் உறைகள் படபடத்தன. அவளால் உண்மையைச் சொல்ல முடிந்த ஒரே வழி அந்தக் காயம். அந்தக் காயத்தைத்தான் இப்போது ஓட்டுநரின் கழுத்தில் கட்டியிருக்கிறார்கள். சீப்பு எத்தனையோ வழக்குகளில் எத்தனையோ வேடிக்கைப் பேச்சுப் பேசியிருக்கிறான். இப்போது பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினான்.

"என்ன நடந்துச்சு, முதல்லேர்ந்து சொல்லு" என்றார் வக்கீலம்மா.

"மத்தியானம் மரத்துப்போற ஊசி தெளிஞ்சிடுச்சு. வலிக்குதுன்னார். ஏற்கெனவே ரெண்டு தடவை போட்டாச்சு. உடம்பு எடைக்கு அதுக்கு மேல போகக் கூடாது. டாக்டர் வெளியூர்ல இருந்தார், புதுக் கிளை திறக்கறாங்க. போன் பண்ணினேன். 'இன்னொண்ணு போடு'ன்னார். அளவு தாண்டிடும் சார்னேன். 'நீ டாக்டரா, நான் டாக்டரா'ன்னார்." அவள் தன் வலது கையைப் பார்த்தாள். "நான்தான் போட்டேன்."

அவள் இன்னொரு தட்டை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"நல்ல மனுஷர் சார். பசங்க கரும்பலகையில இவர் தலையை வரைஞ்சு, வழுக்கையோட பரப்பளவு என்னன்னு கணக்குப் போடுவாங்களாம். 'நீ நட்டு முடி, அந்தக் கணக்கைத் தப்பாக்கிடறேன்'னு சிரிச்சார். ஒரு வேர் நட்டா எண்ணிக்கைக் கருவியை ஒரு தடவை அமுக்குவோம், டிக்குனு சத்தம் வரும். காலையிலேர்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு அவரும் கூடவே எண்ணிக்கிட்டு வந்தார். மூணாவது ஊசிக்கு அப்புறம் நாக்கு தடிச்சுப்போச்சுன்னார். காதுல ஏதோ ரீங்காரம் கேட்குதுன்னார். நான் ஒண்ணு நட்டு அமுக்கினேன். 'ஆயிரத்து முந்நூத்துப் பதினேழு'ன்னார். அடுத்ததுக்கு அவர் எண்ணலை. உடம்பு வெட்டி இழுத்துச்சு. அவ்வளவுதான். 'வழியில போனதா இருக்கட்டும், வண்டியில ஏத்தி அனுப்பிடு'ன்னு டாக்டர் போன்லயே மேனேஜருக்குச் சொல்லிட்டார்."

அவள் மேலங்கியின் உள்பையிலிருந்து, உள்ளங்கையில் அடங்கும் எஃகுக் கருவி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சிறிய கண்ணாடிக்குள் நான்கு எண்கள் தெரிந்தன: 1318.

"கேஸ் தாள்ல ரெண்டாயிரத்து நானூறு முடிஞ்சதுன்னு எழுதியிருக்காங்க. இதை மட்டும் நான் பூஜ்யம் ஆக்கலை. என்னால முடியலை."

வக்கீலம்மா அதைக் கைக்குட்டையில் வைத்து மடித்தார். "உன்னை ஏமாத்திக் கூட்டிட்டுப் போகமாட்டேன். இதைச் சொன்னா டாக்டர் உள்ளே போவார். ஊசி போட்ட கை உன்னோடது. நீயும் போக வேண்டியிருக்கும். உனக்காக நான் பேசுவேன். கறுப்பு அங்கியை மறுபடி எடுக்க வேண்டி வந்தாலும் எடுப்பேன். ஆனா போகவே வேண்டாம்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை."

நாற்றுக்காரி தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். கடைசித் தட்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கையைத் துடைத்தாள்.

"நாளைக்கு எத்தனை மணிக்குக் கோர்ட்டு?"

"பத்து."

"அப்ப இப்பவே போயிடலாம். ராத்திரி ஆனா எனக்குத் தைரியம் போயிடும்."

மாடிப்படியின் அடியில் ஆலோசகர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டியபடி நின்றிருந்தார். "எங்கே கிளம்பறே? மூணு மணிக்குச் சின்ன கேஸ் ஒண்ணு உட்காரணும். டாக்டர் போன்ல கேட்கறார்."

"அவரையே வந்து நடச் சொல்லுங்க சார்" என்றாள் அவள்.

ஆலோசகரின் பார்வை வக்கீலம்மாவிடமிருந்து சீப்புக்கு வந்தது. "சார், உங்க படிவம் பாதியில நிக்குது..."

"வச்சிருங்க" என்றான் சீப்பு. "போலீஸ் வரும்போது என் பிறந்த நாளாவது அவங்களுக்குத் தெரியட்டும்."

வாசலில் வக்கீலம்மாவின் கார் காத்திருந்தது. வெயில் சற்றும் தணியவில்லை. பின்கதவைத் திறந்துவிட்டுச் சீப்பு ஒதுங்கி நின்றான். நாற்றுக்காரி குனிந்தாள். எதையும் பார்க்கும் நிலையில் அவள் இல்லை. என்ன செய்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதற்குள் சீப்பின் கை உயர்ந்து, கதவின் மேல்விளிம்பை மூடிக்கொண்டது.

அவள் தலை அவனுடைய உள்ளங்கையில் உரசிக்கொண்டு உள்ளே போனது. சத்தம் எதுவும் எழவில்லை. அமர்ந்த பிறகு நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தாள். வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.

சீப்பு கையை எடுக்க மறந்து அப்படியே நின்றான்.

"கதவைச் சாத்து சீப்பு" என்றார் வக்கீலம்மா, முன்னிருக்கையில் இருந்தபடி. "அங்க ஒரு அம்மா காரைப் பார்த்துக்கிட்டு வெயில்ல நிக்கறாங்க."

மணி மூன்று. அந்தக் கம்பிக் கதவு இன்று ஒருவரை வெளியே விடும். ஒருத்தியை உள்ளே வாங்கிக்கொள்ளும். சீப்பு கார்க் கதவை ஓசையில்லாமல் சாத்தினான்.